மருந்தின் அபூர்வக் கெடுதிகளும் எந்திரத்தின் ஆரூடமும்

(வீரகேரளம்புதூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேசவேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் கேட்பதற்குச் சற்று கரடுமுரடாகத் தோன்றலாம். அதாவது, மருந்து சாப்பிடுகிறவர்களில் பதினாயிரத்தில் ஒருவருக்கு, லட்சத்தில் ஒருவருக்கு என்று அபூர்வமாய் வரக்கூடிய கெடுதிகளை, அவை வருமுன்னரே எந்திரத்தைக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்பதாகும். இதற்கு ‘மெஷின் லேர்னிங்’ என்று பெயர் சொல்லுகிறார்கள். தமிழில் எந்திரக் கற்றல் என்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டியதில்லை. பட்டணத்துப் படிப்பாளிகள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியை வீ.கே.புதூரில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் மருந்து சாப்பிடுவது பட்டணத்தார் மாத்திரமல்லவே! சுரண்டைக் கடைத்தெருவிலும் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலும் மருந்துக் கடைகள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் முன்னால் நிற்கிறவர்கள் யார் யார் என்று ஒரு நாள் நின்று பார்த்தால், இது யாருக்கு வேண்டிய விஷயம் என்பது தானாக விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு புது மருந்து கடைக்கு வருமுன் அதை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அப்படிச் சோதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் சில ஆயிரம் பேருக்கு மேல் இருப்பதில்லை. 3,000 பேருக்குக் கொடுத்து, அவர்களில் ஒருவருக்கும் ஒரு குறிப்பிட்ட கெடுதி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே, “இம்மருந்தால் அக்கெடுதி வராது” என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. கணக்கறிந்தவர்கள் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். சோதித்த தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டியது. 3,000 பேரில் ஒருவருக்கும் வரவில்லையென்றால், அது ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று மாத்திரந்தான் ஒருவாறு துணிந்து சொல்லலாம். பதினாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியது அந்தச் சோதனையின் கண்ணில் படாமலே தப்பித்துக்கொள்ளும். இதில் சோதித்தவர்களின் மோசடி ஒன்றும் இல்லை. வலையின் கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் அகப்படாது, அவ்வளவுதான்.

இதற்கு ஓர் உதாரணம். குளோராம்பெனிகால் என்ற மருந்து 1940-களின் கடைசியில் வந்தது. டைபாய்டு ஜுரத்தில் படுத்தவர்களை எழுப்பி உட்கார வைத்த மருந்து அது. அதைச் சாப்பிட்டவர்களில் 24,000 பேருக்கு ஒருவர் முதல் 40,000 பேருக்கு ஒருவர் வரை, எலும்புக்குள் இரத்தம் ஊறுவது நின்றுபோய், அநேகமாய் இறந்துபோனார்கள். இந்தக் கணக்கை நம் ஜில்லாவுக்கு வைத்துப் பாருங்கள். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இன்றைய தென்காசி மாவட்ட எல்லைக்குள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். அத்தனை பேரும் அம்மருந்தைச் சாப்பிட்டிருந்தால் 35 பேர் முதல் 58 பேர் வரை போயிருப்பார்கள். 58 பேர் ஒரே தெருவில் செத்தால் ஊரே எழுந்து நிற்கும். ஆனால் சங்கரன்கோவிலில் ஒருவர், செங்கோட்டையில் ஒருவர், ஆலங்குளத்தில் ஒருவர் என்று ஐந்தாறு வருஷத்தில் சிதறிச் செத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு டாக்டர் தம் ஆயுள் முழுவதிலும் அப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பார்த்தாலே அதிகம். அந்த ஒருவரையும் “விதி” என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். அபூர்வக் கெடுதியின் பலமே இதுதான். அது ஒளிந்துகொள்வதில்லை. சிதறிக் கிடக்கிறது.

ஆகவே சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்தாலொழிய அது தெரியாது. இந்தப் புத்தி உலகத்திற்கு உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகுதான் வந்தது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கு நல்லது என்றும் சொன்னார்கள். 1961-ஆம் வருஷக் கடைசியில் அதை நிறுத்துவதற்குள் கையும் காலும் வளராத குழந்தைகள் 10,000-க்கு மேல் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், மருந்து இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர், “காட்டிய ருஜு போதாது” என்று அனுமதி மறுத்துக் கம்பெனியின் நெருக்கடிக்கெல்லாம் அசையாமல் நின்றபடியால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது. அதற்குப் பிறகு, 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் பத்து நாடுகளைச் சேர்த்து, மருந்துக் கெடுதிகளைப் பற்றிய கடிதங்களை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 1978 முதல் சுவீடன் தேசத்து உப்சாலா நகரத்தில் அந்த வேலை நடக்கிறது. இன்று அங்கே 3 கோடிக்கு மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்திருக்கின்றன.

3 கோடிக் கடிதங்களை மனிதன் உட்கார்ந்து படித்து முடிப்பானா? இங்கேதான் எந்திரம் வருகிறது.

எந்திரம் செய்யும் காரியத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு லட்சம் கடிதங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 2,000 கடிதங்கள் தோல் உரிந்து போனதைப் பற்றியவை. அதாவது நூற்றுக்கு இரண்டு. ஒரு குறிப்பிட்ட மாத்திரையைப் பற்றி மாத்திரம் வந்த 500 கடிதங்களைத் தனியே எடுத்தால் அவற்றில் 60, தோல் உரிந்ததைச் சொல்லுகின்றன. அது நூற்றுக்குப் பன்னிரண்டு. பொதுவில் இரண்டாயிருப்பது இந்த மாத்திரையிடம் மாத்திரம் பன்னிரண்டாயிருப்பானேன் என்று கேட்பதுதான் முதல் படி. மளிகைக் கடைக்காரர் சரக்குக் கணக்கில் இப்படித்தான் திருட்டைக் கண்டுபிடிக்கிறார். உப்சாலாக்காரர்கள் 1998-இல் மூளையின் நரம்பு வலையைப்போல் அமைத்த ஒரு கணக்கு முறையை இதற்கு உபயோகிக்கத் தொடங்கினார்கள். 2014-இல் இன்னொரு படி போனார்கள். முன்னே உண்மையென்று ருஜுவான கெடுதிகளையும் பொய்யாய்ப்போன சந்தேகங்களையும் எந்திரத்தின் முன் வைத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதையே கற்றுக்கொள்ளச் செய்தார்கள். கடிதங்களின் தொகை மாத்திரம் போதாது, அவை விவரமாக எழுதப்பட்டவையா, சமீபத்தில் வந்தவையா, பல நாடுகளிலிருந்து வந்தவையா, நடந்ததைக் கதையாகச் சொல்லுகின்றனவா என்பவையெல்லாம் முக்கியம் என்று தெரிந்தது. கதையாகச் சொல்லும் கடிதத்திற்கு அதிக மதிப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது நமக்கு வேண்டியிருக்கிறது.

நிற்க, நம் தேசத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2010-இல் இந்திய சர்க்கார் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அதற்குக் கிளைகள் உண்டு. 2023-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி அவ்வாணையத்தார் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். மெபனாமிக் அமிலம் என்ற வலி மருந்தைப் பற்றியது அது. தாய்மார்களுக்கு மாதவிலக்கின்போது வரும் வயிற்று வலிக்கும், பல் வலிக்கும், மூட்டு வலிக்கும் இந்நாடு முழுவதும் விழுங்கப்படுகிற மருந்து. அதைச் சாப்பிட்டவர்களில் அபூர்வமாய்ச் சிலருக்கு, சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் முதல் எட்டு வாரத்திற்குள், உடம்பெல்லாம் தடிப்பும் ஜுரமும் நெறிக்கட்டும் தோன்றி, ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களையும் தாக்குகிற ‘டிரெஸ்’ என்ற கோளாறு வரக்கூடும் என்பதே அவ்வெச்சரிக்கை. பல பத்து வருஷங்களாகக் கடையில் இருக்கிற மருந்துக்கு, இந்நாட்டிலிருந்து போன கடிதங்களைக்கொண்டே இந்த எச்சரிக்கை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் நமக்கு வருத்தமான விஷயம் வேறொன்று. மாதவிலக்கு என்ற வார்த்தையையே வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று பெண்ணை வைத்திருக்கிறோம். வலித்தால் கடைக்குத் தம்பியை அனுப்பி, பேர் சொல்லாமல் சீட்டில் எழுதி மாத்திரை வாங்கிவரச் சொல்லுகிறாள். மூன்று வாரம் கழித்து உடம்பில் தடிப்பு வந்தால், மாத்திரையைப்பற்றி டாக்டரிடம் யார் சொல்லப் போகிறார்கள்? வெட்கத்தினால் சொல்லாமல் விட்ட சங்கதி எந்த எந்திரத்திற்கும் எட்டாது.

இனி, எந்திரத்தின் பெரிய வித்தைக்கு வருவோம். இதுவரை சொன்னது, கெடுதி நடந்த பிறகு அதை விரைவில் கண்டுபிடிப்பது. நடக்குமுன்னரே சொல்ல முடியுமா? இதற்கும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மரிங்கா சிட்னிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் 2018-இல் ஒரு வேலை செய்தார்கள். 645 மருந்துகளையும், அவை உடம்பில் எந்தப் புரதத்தைத் தொடுகின்றன என்பதையும், அப்புரதங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதையும் பெரிய வலையாகப் பின்னி எந்திரத்திற்குக் கொடுத்தார்கள். இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் வரக்கூடிய 964 விதமான கெடுதிகளில் எது எந்த ஜோடிக்கு வரும் என்று அதை ஊகிக்கச் செய்தார்கள். 645 மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஜோடிகள் வருகின்றன. அத்தனையையும் மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க யாராலும் முடியாது. எங்கே முதலில் தேடுவது என்று எந்திரம் விரல் நீட்டுகிறது.

அந்த விரலை நம்பலாமா? 2011-இல் நடந்ததைச் சொல்லுகிறோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்சிடின் என்ற மருந்தையும், கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் பிரவாஸ்டாடின் என்ற மருந்தையும் ஏககாலத்தில் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது என்பதை, ஸ்டான்போர்டில் நிக்கோலஸ் தத்தோனெட்டி, ரஸ் ஆல்ட்மன் என்பவர்களுடைய கூட்டத்தார் கடிதக் குவியலில் எந்திரத்தைவிட்டுத் தேடிக் கண்டார்கள். தனித்தனியே அவ்விரண்டும் அப்படிச் செய்வதில்லை. கண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவுகளில் ஒத்துப் பார்த்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். அதன் பிறகே ஊருக்குச் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் எந்திரத்தின் ஆரூடத்திற்கும் நம் ஜோசியருடைய ஆரூடத்திற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. “இந்த வருஷம் உடம்புக்குக் கண்டம் உண்டு” என்று ஜோசியர் சொல்லி, ஒன்றும் வராவிட்டால் பரிகாரம் பலித்தது என்கிறார். வந்தால் நான் சொன்னேனே என்கிறார். எப்படியும் அவர் தோற்பதில்லை. தோற்கவே முடியாத ஆரூடத்திற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? எந்திரம் சொல்வதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று எண்ணுகிறார்கள். பொய்த்ததையும் அச்சுப்போடுகிறார்கள். நாம் எந்திரத்தின் பக்கம் பேசுவது அது புத்திசாலி என்பதற்காக அல்ல. அது தோற்கக்கூடியது, தோற்றால் தெரியக்கூடியது என்பதற்காகவேயாகும்.

அப்படியென்றால் எந்திரம் சொல்வதையெல்லாம் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டுமா என்றால், கூடாது. அதற்குக் காரண காரியம் தெரியாது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் குடை விற்பனை அதிகம். அதே மாதங்களில் சளியும் அதிகம். இரண்டு கணக்கையும் எந்திரத்திடம் கொடுத்தால், குடை வாங்கினால் சளி பிடிக்கும் என்று சொன்னாலும் சொல்லும். தலைவலி மாத்திரையைப்பற்றி வரும் கடிதங்களில் தலைவலி என்ற வார்த்தை நிறைய இருக்கத்தான் செய்யும். தலைவலி வந்ததால் மாத்திரை சாப்பிட்டானா, மாத்திரை சாப்பிட்டதால் தலைவலி வந்ததா என்று பிரித்தறிய மனிதன்தான் உட்கார வேண்டும்.

“முன்னே நடந்தது, ஆகவே அதனால் நடந்தது” என்கிற தப்பு எந்திரத்திற்கு மாத்திரம் சொந்தமல்ல. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள், 17-ஆம் தேதி, மாரடைப்பினால் இறந்துபோனார். ஊரெல்லாம் ஊசிதான் கொன்றது என்று பேசப்பட்டது. தேசிய நிபுணர் குழு விசாரித்து, அம்மரணத்திற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை, ஒரே சமயத்தில் நேர்ந்தவை என்று முடிவு சொல்லிற்று. அந்நாட்களில் தினந்தோறும் லட்சக்கணக்கான பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இந்நாட்டில் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தினந்தோறும் ஆயிரக்கணக்கான பேர் மாரடைப்பால் சாகிறார்கள். இரண்டு கூட்டத்திலும் ஒரே ஆள் இருக்க நேருவது ஆச்சரியமல்ல, நேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்காக ஊசியினால் ஒரு கெடுதியும் இல்லை என்று சொல்லிவிட்டாலும் அதுவும் பொய்யாகும். கோவிஷீல்டு என்று நாம் போட்டுக்கொண்ட அதே ஊசியினால், இரத்தத் தட்டுக்கள் குறைந்து இரத்தம் கட்டிக்கொள்ளும் கோளாறு லட்சத்தில் ஓரிருவருக்கு வருகிறது என்று ஐரோப்பாவில் 2021 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கண்டுபிடித்தார்கள். ஊசி பரவலாகப் போட ஆரம்பித்த சில மாதங்களிலேயே கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே யார் யாருக்கு எந்த ஊசி, யார் யார் எந்த நோயில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்ற பதிவு ஒழுங்காக இருந்ததுதான். வதந்தியாலும் கண்டுபிடிக்கவில்லை, வதந்தியை அடக்கியதாலும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு கணக்கைச் சற்று பொறுமையோடு கேட்க வேண்டும். ஏனென்றால், எந்திரம் விற்க வருகிறவர்கள் நாளைக்கு இதைச் சொல்லித்தான் உங்களை ஏமாற்றுவார்கள். “எங்கள் எந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும்” என்பார்கள். ஒரு கெடுதி பதினாயிரத்தில் ஒருவருக்கு வருவது என்றும், மருந்து பத்து லட்சம் பேர் சாப்பிடுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் கெடுதி வரப்போகிறவர்கள் 100 பேர். அவர்களில் 99 பேரை எந்திரம் சரியாகக் காட்டிவிடும். சந்தோஷந்தான். ஆனால் மீதியுள்ள 9,99,900 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தப்பாகக் காட்டும். அது 9,999 பேர். ஆகமொத்தம் எந்திரம் கைகாட்டுகிறவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான் கெடுதி உண்மையில் வரும். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் வீணாகப் பயந்தவர்கள். அபூர்வமான காரியத்தை முன்கூட்டிச் சொல்வதிலுள்ள கஷ்டம் இது. எந்திரத்தின் குற்றமல்ல, அபூர்வத்தின் சுபாவம்.

அப்படியானால் இந்த முயற்சியே வீண் என்று தீர்த்துவிடலாமோ? அதுவும் அவசரம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிப்பின் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். அபூர்வமாய்ச் சிலருக்கு அம்மருந்தால் தீக்காயம் பட்டதுபோல் மேல்தோல் முழுவதும் கழன்று, வாயும் கண்ணும் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் கோளாறு என்பார்கள். 2004-இல் தைவான் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள், இம்மருந்தால் அவ்வாறு அவதிப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது, 44 பேருக்கும் எச்.எல்.ஏ. - பி 1502 என்ற ஒரே பரம்பரைக் கூறு இருக்கக் கண்டார்கள். இந்திய நோயாளிகளிடம் செய்து 2009-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சியில் 8 பேரில் 6 பேருக்கு அது இருந்தது. பிறகு தைவானில் மருந்து கொடுக்குமுன்னரே 4,877 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். 372 பேருக்கு அந்தக் கூறு இருந்தது. அவர்களுக்கு அம்மருந்தைக் கொடுக்காமல் வேறு வழி பார்த்தார்கள். வழக்கமான கணக்குப்படி பத்துப் பேருக்காவது தோல் கழன்றிருக்க வேண்டும். மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கும் கழலவில்லை. 2011-இல் இது அச்சிலே வந்தது.

இதிலும் கவனியுங்கள்: 372 பேரை விலக்கினார்கள், காப்பாற்றியது பத்துப் பேரை. மற்ற 362 பேருக்கு அம்மருந்து ஒன்றும் செய்திருக்காது. ஆனாலும் அது நஷ்டமல்ல. ஏனெனில் வலிப்புக்கு மாற்று மருந்து இருக்கிறது. மாற்று இருக்கிற இடத்தில் வீண் பயத்தின் விலை சொற்பம். மாற்று இல்லாத இடத்தில், மருந்தை விலக்கினால் வியாதியே ஆளைக் கொன்றுவிடும் என்கிற இடத்தில், அதே வீண் பயம் கொலைக்குச் சமானம். ஆகையால் ‘எந்திரம் எவ்வளவு சரி’ என்று மாத்திரம் கேட்கக்கூடாது. ‘அது தப்பினால் யாருக்கு என்ன போகும்’ என்பதையும் கேட்டாக வேண்டும். வலிப்பைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிக்கிற ஊர்களில் இதைப் பேசுவதால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இக்கதையைக் கேட்டுவிட்டு, நன்றாய் ஒத்துக்கொண்டிருக்கிற வலிப்பு மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மும்மடங்காய்த் திரும்பி வரலாம். இந்தத் தோல் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்திற்குள் வருவது. வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் பயப்படக் காரணமில்லை.

இனி நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறோம். எந்திரம் எதிலிருந்து கற்கிறது? எழுதி வைத்ததிலிருந்துதான் கற்கிறது. யாரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் 1977-இல் வந்த ஒரு சர்க்கார் குறிப்பு, பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களை ஆரம்பச் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்தது. 1993 வரை அது நீடித்தது. ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த அளவையே பெண்களுக்கும் கொடுத்தார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது, பெண்களுக்கு அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்து இலாகா சொன்னது 2013-இல். அதற்குள் அம்மாத்திரை கடைக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்கப் பெண்ணுக்கே இந்தக் கதியென்றால், இத்தாலுகாவில் காலை முதல் இருட்டும் வரையில் குனிந்து பீடி சுற்றி, இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை விழுங்குகிற பெண்ணைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அவளைப் பற்றி எழுதாத புத்தகத்தைப் படித்த எந்திரம், அவளுக்கு ஒன்றும் வராது என்று சொல்லும். வராது என்பதற்கும் தெரியாது என்பதற்கும் எந்திரம் வித்தியாசம் வைப்பதில்லை.

எழுதாமல் விடுவது இங்கே மாத்திரமல்ல. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, மருந்துக் கெடுதிகளில் சராசரி நூற்றுக்கு 94 அறிவிக்கப்படாமலே போகின்றன. டாக்டர்களுக்கு நேரமில்லை, தம் மேல் பழி வருமோ என்ற பயமும் உண்டு. நோயாளிக்கோ, தான் சொல்லலாம் என்பதே தெரியாது.

நாட்டு மருந்து விஷயம் இதைவிட மோசம். “நம் மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது” என்று குற்றால சீசனில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கூவுகிறவர்கள் உண்டு. சீந்தில் கொடி உங்களுக்குத் தெரியும். கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்தி என்று சொல்லி அதைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் குடித்தார்கள். 2021-இல் பம்பாய் டாக்டர்கள், அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். 2022-இல் பல ஊர் ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 43 பேர் என்று எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகத்தார் இதை மறுத்து, சீந்திலின் மேல் பழிபோடுவது சரியல்ல, வேறு கொடியாக இருக்கலாம் என்றார்கள். வேறு கொடியாகவே இருக்கட்டும். பாட்டிலுக்குள் எந்தக் கொடி என்று தெரியாமல் குடிப்பது அதைவிடப் பயங்கரமல்லவா? மூலிகை நல்லதா கெட்டதா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வேலை செய்கிற பொருள் எதுவும் தப்பாகவும் வேலை செய்யக்கூடும். ஒரு கெடுதியும் செய்யாது என்று சத்தியம் பண்ணப்படுகிற மருந்து, ஒன்று எண்ணப்படாதது, அல்லது ஒன்றுமே செய்யாதது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், கூடவே லேகியமும் சாப்பிடுகிறார். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கிறார். இரண்டு மருந்து சேர்ந்தால் வரும் கெடுதியை எந்திரம் கண்டுபிடிக்கும் என்று சற்றுமுன் சொன்னோம். மறைத்த லேகியம் எந்த ஜோடியிலும் சேராது.

எந்திரம் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மைத் தூங்கவைக்க யாரும் பார்த்தால் அதற்கும் இடங்கொடுக்கக்கூடாது. 2025-ஆம் வருஷம் செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அம்மருந்து செய்யப்பட்டது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் ஜில்லாவில். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாடு சர்க்கார் சோதனையில் தெரிந்தது. இது அபூர்வக் கெடுதியா? இல்லை. இதே விஷம் 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றிருக்கிறது. 1972-இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. எண்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷத்தைக் கண்டுபிடிக்கப் புது எந்திரம் எதற்கு? பீப்பாயைத் திறந்து சோதிக்க ஓர் ஆளும், சோதிக்காவிட்டால் அவனைக் கேட்க ஓர் ஆளும் போதும். அபூர்வத்தைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். ஆனால் சாதாரண அக்கிரமத்தை மறைக்க அபூர்வத்தைத் திரையாகப் பிடித்தால் நாம் அதைக் கிழிக்க வேண்டியிருக்கும்.

நேரமாகிவிட்டது. தோழர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “இதற்கெல்லாம் வீ.கே.புதூர்க்காரன் என்ன செய்ய முடியும்?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. மருந்து வாங்கினால் பெயரும் தேதியும் தொகுதி எண்ணும் உள்ள அட்டையைத் தீரும்வரை வைத்திருங்கள். துண்டாக வெட்டி வாங்கினால், எழுத்து இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, ஜுரம், மஞ்சள் நிறம் ஆகியவற்றில் எது வந்தாலும், மருந்து அட்டையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே லேகியம் உட்பட என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். டாக்டர் எழுதாவிட்டால் நீங்களே எழுதலாம். பொதுஜனங்களுக்கென்று தனிப் பாரம் இருக்கிறது, அது தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 1800-180-3024 என்ற நம்பருக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். எந்த மருந்து, எதற்காக, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் என்ன வந்தது, நிறுத்தினபின் போயிற்றா என்று கதையாகச் சொல்லுங்கள். இந்த மருந்தினால்தான் வந்தது என்று ருஜுப்படுத்த வேண்டியது உங்கள் வேலையல்ல. சந்தேகப்பட்டாலே போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இவ்வூர் வாலிபத் தோழர்கள் இரண்டு பேர் முன்வந்தால், பாரங்களைக் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.